புதிய பால் பைதான் இரை எடுக்கவில்லை: விட்டுப் பார்ப்பதா, எலியை மாற்றுவதா, வாயில் வைப்பதா?

வாங்கி வந்த பாம்பு முதல் எலியை மோந்து பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டால், அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஆளுக்கொரு யோசனை வரும். “சும்மா விடு, பசித்தால் தானே எடுக்கும்” என்பார் ஒருவர். உயிரெலியை விடச் சொல்வார் இன்னொருவர். வாயைத் திறந்து வைத்துவிடச் சொல்பவரும் உண்டு. மூன்றுமே ஏதாவது ஒரு பாம்புக்குச் சரியான யோசனைதான். எந்தப் பாம்பு, என்ன எடை, வீட்டுக்கு வந்து எத்தனை வாரம் என்று கேட்காமல் சொல்வதுதான் கோளாறு.

இங்கே எடுத்துக்கொள்வது பால் பைதான். சாப்பாட்டு விஷயத்தில் வளர்ப்போரைக் கலங்கடிப்பதில் இதற்கு இணை இல்லை. பிரிட்டனில் இதை ராயல் பைதான் என்பார்கள். பெயரில் உள்ள ‘பால்’ பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், அதனால் வந்த பெயர். புற்றுக்கு வார்க்கும் பாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எந்தப் பாம்புக்கும் பால் உணவும் இல்லை.

ஆனால் புற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, டோகோ, பெனின் பக்கங்களில், இது பகலை எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் கழிக்கும் பாம்பு. இருட்டு, வெதுவெதுப்பு, ஈரப்பதம், உடம்பின் எல்லாப் பக்கமும் சுவர் படுகிற நெருக்கம்: இவை இருந்தால்தான் அதற்கு நிம்மதி. கடையிலிருந்து காற்றோட்டமான கண்ணாடித் தொட்டிக்கு மாறியதும் அது பட்டினி கிடப்பதற்குப் பாதிக் காரணம் இதிலேயே இருக்கிறது.

சட்டத்தையும் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. இந்தியாவில் மலைப்பாம்பு, சாரை, நாகம் போன்ற உள்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைதான் வெளிநாட்டு இனம் என்றாலும் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு, 2024 விதிகளின்படி, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு இல்லாமல் வைத்திருக்க முடியாது. பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் சுருட்டி வைத்த குட்டிகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவது அடிக்கடி வரும் செய்தி. சிங்கப்பூரில் பாம்பு வளர்ப்புக்கே அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவில் அந்நாட்டு இனங்களை மட்டுமே உரிமத்தோடு வளர்க்கலாம். ஆகவே கீழே உள்ளது பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களில் முறையாக வாங்கி வளர்ப்பவர்களுக்கும், இந்தியாவில் பதிவோடு வைத்திருப்பவர்களுக்கும்தான்.

முதலில் தராசு

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை நாள்காட்டியைப் பார்த்தோ மனக்கவலையை வைத்தோ முடிவு செய்யக் கூடாது. ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும், பாம்புக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கி, பாம்பை உள்ளே விட்டு, வாரம் ஒரு முறை எடை பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். வந்த அன்று எடுத்த எடைதான் அடிப்படை. மலம் கழித்தால் எடை சட்டென்று இறங்கும், ஒரு வார எண்ணை வைத்துப் பதற வேண்டாம். மூன்று நான்கு வாரங்களில் போக்கு தெரிந்துவிடும்.

முட்டையிலிருந்து வந்த குட்டி 45 முதல் 80 கிராம் வரை இருக்கும். 1,500 கிராம் உள்ள பெரிய பெண் பாம்பு குளிர்காலம் முழுக்க இரை எடுக்காமல் இருந்து 50 கிராம் குறைந்தால் அது செய்தியே இல்லை. 70 கிராம் குட்டி 8 கிராம் குறைந்தால் அது அவசரம். இரண்டும் “இரண்டு மாதமாகச் சாப்பிடவில்லை” என்ற ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுவதால்தான் குழப்பமே. பொதுவான கோடு இதுதான்: தொடக்க எடையில் 10 விழுக்காடு வரை குறைந்தால் பொறுமை, அதைத் தாண்டினால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர். முதுகெலும்பு கூரை முகடுபோலத் துருத்திக்கொண்டு, பக்கத் தோல் மடிப்பு விழுந்தால் தராசும் தேவையில்லை.

விட்டுப் பார்ப்பது

செலவில்லாத வழி, பெரும்பாலான பாம்புகளுக்குப் போதுமான வழி, பெரும்பாலானோர் சரியாகச் செய்யாத வழியும் இதுதான். ‘விட்டுவிடுவது’ என்றால் உண்மையிலேயே விட்டுவிட வேண்டும். வந்த நாளிலிருந்து குறைந்தது 7 நாள் கையில் எடுக்கக் கூடாது. பெரிய பாம்பு, அல்லது காட்டில் பிடித்து ஏற்றுமதியானது என்றால் 14 நாள். தண்ணீர் மாற்றவும் அசுத்தம் எடுக்கவும் மட்டுமே மூடியைத் திறப்பது. அதற்குப் பிறகு முதல் இரை. மறுத்தால் குட்டிக்கு அடுத்த 7 நாள் வரை, பெரியதற்கு 14 நாள் வரை எலியின் வாசமே காட்டக் கூடாது.

இதில் ஆட்டத்தைக் கெடுப்பது தினமும் முயற்சி செய்வது. திங்கள் மறுத்தது, செவ்வாய் ஆட்டிக் காட்டுவது, புதன் மூக்கில் தட்டிப் பார்ப்பது. பாம்பைப் பொறுத்தவரை மறைவிடத்துக்குள் இரும்பு இடுக்கியோடு ஏதோ ஒன்று தினமும் தாக்க வருகிறது. இரண்டு வாரத்தில் எலி வாசம் வந்தாலே தலையை ஒளிக்கப் பழகிவிடும். மறுக்கப்பட்ட ஒவ்வொரு எலியும் ஒரு பயமுறுத்தல் என்று கணக்கு வைத்துக்கொண்டால் கை தானாக அடங்கும்.

கண்கள் நீலம் பாய்ந்து மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். உரித்து முடிக்கும்வரை இரை காட்டத் தேவையில்லை. முடித்த இரண்டு மூன்று நாளில் பல பாம்புகள் தாமாகவே வேட்டைக்குத் தலைநீட்டும்.

இந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. இருப்பிடம் சரியாக இருந்தால்தான் காத்திருப்பதற்கு அர்த்தம்.

இடத்தை மாற்றுவது

எலியை மாற்றுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. சூடான மூலையில் தரை வெப்பம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, இரவில் எங்கும் 24க்குக் கீழே போகக் கூடாது. ஈரப்பதம் 55 முதல் 65 விழுக்காடு, சட்டை உரிக்கும்போது 70. சுவரில் ஒட்டும் வட்ட முள் மானிகளை நம்பாதீர்கள், ஐந்து டிகிரி பிசகுவது அவற்றுக்குச் சகஜம். கம்பி முனை உள்ள டிஜிட்டல் மானியைத் தரையில், பாம்பு படுக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும். வெப்பப் பாயோ விளக்கோ எதுவானாலும், சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடக் கூடாது. சூட்டுக்கல் என்று விற்பது வயிற்றைப் பொசுக்கும், வேண்டவே வேண்டாம்.

சூடு குறைந்தால் இரண்டு கெடுதல். முதலாவது, பசியே எடுக்காது. இரண்டாவது அதைவிட மோசம்: எடுத்த இரை செரிக்காமல் உள்ளேயே அழுகி, மூன்றாம் நாள் கக்கிவிடும். கக்கிய பாம்பைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது, மறுக்கும் பாம்பைச் சாப்பிட வைப்பதைவிடக் கடினம். கக்கியபின் 10 முதல் 14 நாள் வயிற்றுக்கு முழு ஓய்வு, பிறகு பழைய அளவில் பாதி எலி.

அடுத்து மறைவிடம். ஒரே மாதிரியான இரண்டு, சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. பாம்பு சுருண்டால் முதுகு கூரையில் இடிக்க வேண்டும், அவ்வளவு சிறியது. பெரிய அரைத் தேங்காய்ச் சிரட்டை வடிவில் கடையில் விற்கும் ‘குகை’ பல குட்டிகளுக்கு மண்டபம் போலிருக்கும். கண்ணாடித் தொட்டியானால் மூன்று பக்கமும் கறுப்புக் காகிதம் ஒட்டிவிடலாம்.

தொட்டியா, பிளாஸ்டிக் பெட்டியா என்ற பழைய சண்டைக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. இனப்பெருக்கம் செய்வோர் குட்டிகளை 6 லிட்டர் அளவுள்ள ஒளிபுகா இழுவைப் பெட்டிகளில் வைக்கிறார்கள். குட்டிகள் அங்கே கணக்காகச் சாப்பிடுகின்றன. அதே குட்டி மூன்றடித் தொட்டிக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறது. குற்றம் தொட்டியின் நீளத்தில் இல்லை, வெட்டவெளியில் இருக்கிறது. செயற்கை இலைகள், மரப்பட்டை, சுருட்டிய காகிதம் என்று தரையை நிரப்பிவிட்டால் பெரிய தொட்டியிலும் சாப்பிடும். பொருட்களை நிரப்பியும் நான்கு வாரம் மறுக்கும் குட்டிக்கு மட்டும் சிறிய பெட்டிக்கு மாற்றலாம், அதுவும் தற்காலிகமாக. வரிசையாக ஐந்து இரை எடுத்தபின் திரும்பத் தொட்டிக்கு. வாழ்நாள் முழுக்க இழுவைப் பெட்டி என்பதற்கு நாங்கள் ஒப்பமாட்டோம்.

“சாப்பாட்டுக்கென்று தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கையைக் கடிக்கும்” என்று இன்னமும் சொல்கிறார்கள். புதிய பால் பைதானுக்கு இது நேரெதிர் பலன் தரும். தூக்கி மாற்றும்போதே வேட்டை மனம் போய்விடும். சாப்பிட்ட பாம்பைத் திரும்பத் தூக்கினால் கக்கவும் வாய்ப்புண்டு. இரை எடுத்தபின் 48 மணி நேரம் தொடக் கூடாது.

உறைந்த எலி, உடனே கொன்ற எலி, உயிரெலி

நீண்ட காலத்துக்கு உறைந்த எலிதான். கடிக்காது, மாதக்கணக்கில் உறைபெட்டியில் இருக்கும், அளவு பார்த்து வாங்கலாம், எலிக்கும் துன்பம் குறைவு. “என் பாம்பு உறைந்ததைத் தொடாது” என்பவர்களில் பலரிடம் உருக்கும் விதம்தான் பிழை.

பால் பைதானின் மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் உண்டு, அவை வெப்பத்தை உணரும். இருட்டில் அதற்கு எலி என்பது பின்னணியைவிடச் சூடான ஓர் உருவம். அறை வெப்பத்தில் இருக்கும் எலி அதன் உணர்வில் ஈரமான வாசமுள்ள ஒரு கட்டைதான். ஆகவே எலியைப் பாம்பின் தொட்டியைவிடத் தெளிவாகச் சூடாக்க வேண்டும்.

செய்முறை: முந்தின இரவே எலியை ஜிப் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், மனித உணவு படாத மூடிய டப்பாவில் வையுங்கள். மறுநாள் மாலை அதே பையோடு குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரம். வயிற்றை அழுத்தினால் உள்ளே கெட்டியாக எதுவும் படக் கூடாது. பிறகு 45 டிகிரித் தண்ணீரில் பையோடு 10 நிமிடம். வெளியே எடுத்ததும் தலையை மட்டும் மேலும் அரை நிமிடம் சூட்டில் காட்டலாம், பாம்பு தேடுவது தலையைத்தான். மேல்தோல் 38 முதல் 40 டிகிரி இருந்தால் போதும். சூட்டுமானித் துப்பாக்கி வைத்திருந்தால் இந்த ஊகமே தேவைப்படாது. உடம்பு நனைந்திருந்தால் தாளில் ஒற்றி எடுங்கள். கொதிநீர் ஊற்றினால் தோல் வெந்து வயிறு வெடிக்கும். நுண்ணலை அடுப்பு கூடவே கூடாது, உள்ளே வெந்துவிடும், அதே அடுப்பில் நாளை உங்கள் சோறு. உறையவைப்பதால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி சாவதில்லை. உறைந்த தீனி எலிகளோடு தொடர்புடைய சால்மொனெல்லா பரவலை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2014இல் பதிவு செய்தது. கையும் மேடையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சிறுபிள்ளைகளை இந்த வேலையில் சேர்க்காதீர்கள். ஒரு முறை உருக்கி மறுத்த எலியைத் திரும்ப உறையவைக்க வேண்டாம்.

காட்டும் விதம் இன்னொரு பாதி. விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, பாம்பு மறைவிடத்திலிருந்து மூக்கை மட்டும் நீட்டியிருக்கும் நேரம் பாருங்கள். 30 சென்டிமீட்டர் இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து, தரையோடு, பக்கவாட்டில் கொண்டு வாருங்கள். மேலிருந்து இறக்கினால் பருந்து. நேராக முகத்தில் நீட்டினால் சண்டை. ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி இலேசாக அசைத்து, நிறுத்தி, விலக்கி, எலி தன் வழியே போவதுபோலக் காட்டுங்கள். கழுத்து வளைந்து பின்னிழுத்து, நாக்கு மெதுவாக நீண்டு வந்தால் குறி பார்க்கிறது என்று பொருள், அசையாமல் இருங்கள். தலையைச் சுருளுக்குள் திணித்தால் அன்றைய முயற்சி முடிந்தது. அடித்துச் சுற்றிக்கொண்டபின் வாலை ஓரிரு முறை மெல்ல இழுத்துவிட்டால் பிடி இறுகும். பிறகு விளக்கைப் போடாமல், கைப்பேசி வெளிச்சத்தில் படமும் எடுக்காமல் நகர்ந்துவிடுங்கள். பாதியில் போட்டுவிட்டு ஓடுவதற்கு அந்த வெளிச்சம் போதும்.

இடுக்கியைக் கண்டாலே ஒளியும் கூச்சப் பிராணிகளுக்கு இரவு முழுக்க வைத்துவிடும் முறை பலிக்கும். சூடாக்கிய எலியைச் சிறு தட்டில் மறைவிட வாசலில் வைத்து, தொட்டியைத் துணியால் மூடிவிடுவது. எலி சீக்கிரம் ஆறிவிடும் என்பது குறை, ஆள் இல்லை என்பது நிறை. காலையில் இருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

உயிரெலி வேலை செய்யும், அதை மறுப்பதற்கில்லை. அசைவு, சூடு, மூச்சு எல்லாம் இருப்பதால் மாதக்கணக்கில் மறுத்தது ஒரு நொடியில் அடிக்கும். ஆனால் தோற்றால் விலை அதிகம். பசியில்லாத பாம்போடு விடப்பட்ட எலி, பாம்பைக் கடித்துத் தின்னும். முதுகுத் தசை தெரியும் அளவுக்குக் குதறப்பட்ட பாம்புகள் மருத்துவர்களிடம் வருகின்றன. அந்தப் பாம்பு அதற்குப் பிறகு எலியைக் கண்டாலே பயப்படுவதில் ஆச்சரியம் இல்லை. பிரிட்டனில் 2006 விலங்குநலச் சட்டம் இரையாகும் எலிக்கும் பொருந்தும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். வேறு எதையும் அறியாத பாம்பு, எடைக் குறைவு அந்த 10 விழுக்காட்டுக் கோட்டைத் தொடுகிறது என்ற நிலையில் மட்டும், சட்டம் இடம் கொடுக்கும் ஊரில், சிறிய சுண்டெலி ஒன்று, கண்ணெதிரில், 15 நிமிடம். எடுக்காவிட்டால் வெளியே எடுத்துவிட வேண்டும். வளர்ந்த பெரிய எலி உயிரோடு எந்த நிலையிலும் கூடாது.

உடனே கொன்ற எலி இரண்டுக்கும் நடுவே. உடல் சூடு இயல்பாக இருக்கும், கடிக்காது. ஆனால் துன்பமில்லாமல் கொல்லத் தெரிந்தவரிடம் வாங்க வேண்டும், வீட்டில் கத்துக்குட்டித்தனமாகச் செய்யும் வேலை இல்லை. உயிரெலிக்குப் பழகிய பாம்பை மாற்ற இதுதான் பாலம்: இரண்டு மூன்று முறை உடனே கொன்றது, பிறகு நன்றாகச் சூடாக்கிய உறைந்தது.

வீட்டுப் பொறியில் விழுந்த எலியைப் போடலாமா என்ற கேள்வி நம்மவர்களிடம் கட்டாயம் வரும். கூடாது. எலி மருந்து தின்ற எலியை விழுங்கும் பாம்புக்கும் அந்த விஷம் சேரும், குடற்புழுவும் கூடவே வரும்.

சுண்டெலியா, பெரிய எலியா

விற்றவர் எதைக் கொடுத்தாரோ அதையே கொடுங்கள். எந்த இனம், என்ன எடை, உயிரோடா உறைந்ததா, எந்தக் கிழமை, இடுக்கியிலா தட்டிலா: வாங்கும்போதே இந்த ஐந்தையும் கேட்டு எழுதிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தொடங்குவதே இல்லை. தொடர்ந்து மூன்று நான்கு முறையாவது இரை எடுத்த பதிவு இல்லாத குட்டியை, எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும், புதியவர்கள் வாங்காமல் இருப்பது மேல்.

வளர்ந்த பாம்புக்குப் பெரிய எலி வசதி, ஒன்றே போதும். சுண்டெலியானால் நான்கைந்து வேண்டியிருக்கும். அதனால் எல்லோரும் முதல் மாதத்திலேயே மாற்றப் பார்க்கிறார்கள். அவசரமே இல்லை. பல குட்டிகளுக்குச் சுண்டெலியின் காட்டமான வாசமும் சிறு உருவமும்தான் வேட்டையைத் தூண்டும். 80 கிராம் குட்டிக்கு 8 முதல் 12 கிராம் எடையுள்ள, மயிர் முளைத்துத் துள்ளும் பருவத்துச் சுண்டெலி, அதாவது கடைகளில் ஹாப்பர் என்று விற்பது, பொருத்தமான தொடக்கம். கணக்கு: 500 கிராம் வரை பாம்பின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு, பாம்பின் பருத்த இடத்தின் பருமனைத் தாண்டாமல், 5 முதல் 7 நாளுக்கு ஒன்று. பெரியதற்கு எடையில் சுமார் 5 விழுக்காடு, 2 முதல் 4 வாரத்துக்கு ஒன்று. மறுக்கும் பாம்புக்கு எப்போதும் ஒரு படி சிறியதைக் காட்டுங்கள். பெரிய எலியைப் பார்த்துப் பயந்து மறுப்பதைப் பசியின்மை என்று தப்பாக நினைப்பவர்கள் அதிகம்.

ஆறேழு முறை ஒழுங்காக எடுத்தபின் மாற்றலாம். சுண்டெலியை விழுங்கிக்கொண்டிருக்கும்போதே, அதன் வால் உள்ளே போகும் தருணத்தில், சிறிய எலிக்குட்டியைப் பின்னால் முட்டவைத்தால் சங்கிலிபோல அதையும் விழுங்கும். அல்லது எலியைச் சுண்டெலிக் கூண்டின் அழுக்குத் துகளில் புரட்டி எடுக்கலாம். ஜெர்பில் என்ற பாலைவன எலியின் கூண்டுத் துகளும் இந்த இனத்துக்கு நன்றாக வேலை செய்யும். ஆப்பிரிக்க மென்மயிர் எலியை ஏறக்குறைய எந்தப் பால் பைதானும் மறுப்பதில்லை, காட்டில் அது தின்னும் வகைதானே. அதற்குப் பழகியபின் வேறு எதையும் தொடாது என்பது சிக்கல். தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி இல்லாத ஊரில் அதைத் தொடங்கவே வேண்டாம்.

மற்ற தந்திரங்கள் எல்லா இனத்துக்கும் ஒன்றுபோல் பலிக்காது. எலித்தலையில் கீறி மூளைத் திரவத்தை மூக்கில் தடவுவது சோளப்பாம்பு என்ற இன்னொரு வளர்ப்பு இனத்தின் குட்டிகளிடம் நன்றாகப் பலிக்கும், பால் பைதானிடம் சில சமயம். துளையிட்ட சிறு டப்பாவில் பிங்கியோடு (மயிர் முளைக்காத எலிக்குட்டி) இரவு முழுக்க விடுவதும் சோளப்பாம்புக்கானதுதான். ஹாக்நோஸ் என்ற வளர்ப்புப் பாம்பின் குட்டிக்கு டூனா அல்லது சால்மன் மீன் நீரைப் பிங்கிமேல் தடவினால் போதும், காட்டில் அது தேரை தின்னும் பாம்பு. பல்லி வாசத்துக்காகச் சுவர்ப்பல்லியைப் பிடித்துத் தேய்ப்பது மட்டும் வேண்டாம், ஒட்டுண்ணி வரும்.

வாயில் வைப்பது

இதில் மூன்று படி உண்டு, பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். உதவி ஊட்டல் என்பது சின்னஞ்சிறு எலியின் தலையை மட்டும் பாம்பின் வாய்க்குள் வைத்து, பல்லில் மாட்டியதும் கையை எடுத்துவிடுவது. விழுங்குவது பாம்பின் வேலை. கட்டாய ஊட்டல் என்பது தொண்டைவரை தள்ளுவது. குழாய் ஊட்டல் மருத்துவர் திரவ உணவை வயிற்றில் இறக்குவது.

வீட்டில் செய்யக்கூடியது முதல் படி மட்டும். அதுவும் முட்டையிலிருந்து வந்து ஆறேழு வாரமாகியும் எதையும் தொடாத, எடை இறங்கும் குட்டிக்கு, செய்யத் தெரிந்தவர் ஒரு முறை காட்டிக் கொடுத்தபின். எலி குட்டியின் எடையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, பிங்கி அல்லது மயிர் அரும்பும் பருவத்து ஃபஸ்ஸி. எலியின் மூக்கைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். பாம்பின் தலைக்குப் பின்னால் மென்மையாகப் பிடித்து, எலி மூக்கை வாயின் முன்நுனியில் இலேசாக அழுத்தினால் வாய் திறக்கும். நகத்தாலோ உலோகத்தாலோ நெம்பக் கூடாது, பல்லும் ஈறும் போனால் வாய்ப்புண் வரும். வைத்ததும் சிலையாக நில்லுங்கள். துப்பினால் இரண்டு முறைக்கு மேல் முயலாமல் விட்டுவிடுங்கள். பலன் தரும் குட்டிகள் மூன்று நான்கு முறைக்குள் தாமாக எடுக்கத் தொடங்கும்.

கட்டாய ஊட்டலைப் பெரிய பாம்புக்கு வீட்டில் செய்வது, ஆறு மாதப் பட்டினி செய்யாத கேட்டைப் பத்து நிமிடத்தில் செய்துவிடும். உணவுக்குழாய் கிழியலாம், மூச்சுக்குழல் வாய்க்குள் திரவம் போகலாம், மீதி இருந்த நம்பிக்கையும் போய்விடும். மிகவும் இளைத்த பாம்புக்குத் திடீரென்று முழு இரை கொடுத்தால் இரத்தத்தில் உப்புகளின் சமநிலை குலைந்து செத்தே போகலாம். முதலில் நீர்ச்சத்து, பிறகு நீர்த்த உணவு என்று மருத்துவர்தான் ஏற்ற வேண்டும்.

வாயோரம் நுரை, மூச்சில் விசில், தலையைத் தூக்கியே வைத்திருப்பது, ஈறில் சீழ், தண்ணீர்த் தட்டில் மிளகுத்தூள்போல மிதக்கும் கறுப்பு உண்ணிகள், நடுவுடம்பில் வீக்கம், இரண்டாவது முறை கக்குவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மேலே சொன்ன ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அங்கே சாப்பிடாமை என்பது நோயின் அடையாளம், எலியை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. காட்டில் பிடித்த பாம்பானால் அறிகுறி இல்லாவிட்டாலும் முதல் மாதமே மலப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

எந்தப் பாம்புக்கு எது

முன்பு ஒழுங்காகச் சாப்பிட்ட குட்டி, இரண்டு வாரமாக மறுக்கிறது, எடை 3 விழுக்காடு குறைவு: இடத்தைச் சரிபார்த்து விட்டுப் பாருங்கள், அதே எலி, அதே முறை, வாரம் ஒரு முறை. அதே குட்டி ஆறாவது வாரம், 8 விழுக்காடு குறைவு: ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிய இருட்டுப் பெட்டி, ஒரு படி சிறிய சுண்டெலி, இரவு முழுக்க வைப்பது, கூடவே மருத்துவரிடம் நேரம் வாங்கி வைப்பது. காட்டில் பிடித்த 900 கிராம் பாம்பு, மூன்று மாதமாக எதுவும் இல்லை: மலப் பரிசோதனை, அது சுத்தமானால் ஜெர்பில் வாசம், கடைசியில் உடனே கொன்ற எலி. நவம்பரில் வாங்கிய 1,400 கிராம் ஆண் பாம்பு, தொட்டி முழுக்க இரவில் அலைகிறது, எலியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை: அது இனச்சேர்க்கைப் பருவம், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை காட்டிவிட்டு எடையை எழுதி வையுங்கள். இது நீண்ட ஆயுள் கொண்ட பிராணி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்தில் 60 வயதைக் கடந்ததாகக் கருதப்படும் பால் பைதான் ஒன்று 2020இல் முட்டையிட்டது. அதன் காலக்கணக்கு வேறு.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெட்டி, எலி, நேரம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றி அது சாப்பிட்டுவிட்டால், எது பலித்தது என்று அடுத்த முறை தெரியாது. முதல் இரை எடுத்த மறுநாளே கையில் எடுத்து உறவினருக்குக் காட்டும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். வரிசையாக ஐந்து இரை, கக்கல் இல்லாமல், எடை ஏறுமுகமாக இருந்தபின், இரை எடுத்த மூன்றாம் நாளிலிருந்து, ஒரு தடவைக்கு 10 நிமிடம் என்று தொடங்கலாம். அடுத்த இரை நாளில் மறுத்தால் அந்த 10 நிமிடத்தை இரண்டு வாரத்துக்கு நிறுத்திப் பாருங்கள்.